போகாதே என்று சொல்ல நீ யார்?

சொந்த மண்ணை விட்டுவிட்டுப் படித்தவன் எல்லாம் வெளிநாட்டுக்கு ஓடுகிறான் என்கிற புலம்பல் மேடைகளில் அதிகமாகிவிட்டது. தமிழ்த் தேசியம் பேசுகிறவர் சொல்கிறார். காந்தியம் பேசுகிறவர் சொல்கிறார். பிள்ளைகள் இரண்டையும் அமெரிக்காவில் குடிவைத்துவிட்டு, அங்கே ஆறு மாதம் இங்கே ஆறு மாதம் என்று இருக்கிற ஓய்வுபெற்ற அதிகாரியும் நெற்றி நிறைய விபூதியோடு வந்து சொல்கிறார். இவர்கள் சொல்வதைக் கேட்டுச் சிரித்துவிட்டுப் போய்விடலாம். ஆனால் நம்முடைய தோழர்களே இப்போது இதைச் சொல்ல ஆரம்பித்திருக்கிறார்கள். "நம்ப புள்ளைங்களும் ஏறிப் பூட்டா அப்புறம் சேரியில யாரு இருப்பா? யாரு போராடுவா?" என்று பொன்னேரியிலும் கவரைப்பேட்டையிலும் நடக்கிற கூட்டங்களில் கேட்கிறார்கள். வெளிநாட்டில் படிக்க இடம் வாங்கியவள் ஏதோ திருடியவள் மாதிரி கூசி நிற்கிறாள். துபாய்க்கு வெல்டிங் வேலைக்குப் போனவன் லீவில் வந்தால் இயக்கத் தோழர்களைக் கண்டு வேறு சந்தில் நுழைகிறான். இந்தத் தோழர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். கோபத்தோடுதான் எழுதுகிறேன்.

முதலில் இந்த 'ஊர்' என்கிற சொல்லை எடுத்துக்கொள்வோம். தமிழ் எம்.ஏ. வகுப்பில் கணியன் பூங்குன்றனின் பாட்டை எத்தனையோ முறை நடத்தினார்கள். உலகத்துக்கே தமிழன் கொடுத்த செய்தி என்று கண்கலங்கினார்கள். எல்லா ஊரும் தன் ஊர் என்று சொல்ல, முதலில் ஒரு ஊராவது இருக்க வேண்டாமா? கும்மிடிப்பூண்டிப் பக்கத்துக் கிராமங்களில் என் ஆயா காலத்திலிருந்து இன்றுவரை 'ஊருக்குள்ள போயிட்டு வரேன்' என்றால் சாதி இந்துக்கள் தெருவுக்குப் போய்வருகிறேன் என்று அர்த்தம். நாங்கள் இருக்கிற இடத்துக்குச் சேரி என்று பெயர். அரசாங்கம் வந்து காலனி என்று ஆக்கியது. ஊரில் இல்லாதவனைப் பார்த்து ஊரை விட்டுப் போகாதே என்றால் என்ன பொருள்? 1931இல் காந்தியைச் சந்தித்தபோது அம்பேத்கர், தனக்குத் தாய்நாடு என்று ஒன்று இல்லை என்று முகத்துக்கு நேராகச் சொன்னார். நாயைவிட, பூனையைவிடக் கேவலமாக நடத்துகிற இடத்தை எப்படித் தாய்நாடு என்பது என்று கேட்டார். அதற்கு ஒழுங்கான பதிலை இன்றுவரை எந்தத் தேசியமும் சொல்லவில்லை.

பழைய கதை பேசாதே என்பவர்களுக்குப் பக்கத்துக் கிராமங்களைக் காட்டுகிறேன். கும்மிடிப்பூண்டி வட்டம் ஆத்துப்பாக்கத்தில் தேர்தலில் ஜெயித்து ஊராட்சித் தலைவரான தலித் பெண்ணை 2020 ஆகஸ்ட் 15 அன்று கொடியேற்ற விடவில்லை. செய்தி வெளியே வந்து சிரித்த பிறகு மாவட்ட ஆட்சியர் போய் அவரைக் கொடியேற்ற வைக்க வேண்டியிருந்தது. அதே வட்டத்தில் தோக்கமூரில் தலித்துகள் நடமாட்டத்தை மறித்துக் கட்டிய தீண்டாமைச் சுவர் 2022இல்தான் இடிக்கப்பட்டது. சென்னை சென்ட்ரலில் மின்சார ரயில் ஏறினால் ஒன்றரை மணி நேரத்தில் வந்துவிடுகிற இடம் இது. சிப்காட் தொழிற்பேட்டை வந்து ஒரு தலைமுறை கடந்துவிட்டது. இரும்பை உருக்குகிற உலைகள் இராப்பகலாக எரிகின்றன. சாதி உருகவில்லை.

இரண்டாவது, கடல். கடல் கடப்பது ஏதோ கம்ப்யூட்டர் படித்தவர்கள் கண்டுபிடித்த புதுப்பழக்கம் மாதிரிப் பேசுகிறார்கள். இந்த மண்ணில் கடலுக்கு அந்தப் பக்கம் முதலில் அள்ளிக்கொண்டு போகப்பட்டவர்கள் யார்? பொன்னேரிக்குக் கிழக்கே பழவேற்காடு. 1613இல் டச்சுக்காரன் அங்கே கெல்ட்ரியா கோட்டையைக் கட்டினான். இன்று சுற்றுலாப் போகிறவர்கள் டச்சுக் கல்லறையின் மண்டையோட்டுச் சிற்பத்துக்கு முன்னால் நின்று போட்டோ எடுத்துக்கொள்கிறார்கள். அந்தத் துறையிலிருந்து துணி மட்டுமா போனது? மனிதர்கள் போனார்கள். பஞ்சம் வந்த வருஷங்களில் அரிசிக்கு விற்கப்பட்டவர்கள் ஆயிரக்கணக்கில் பத்தேவியாவுக்குக் கப்பலேறினார்கள். அவர்களுக்குக் கல்லறை கிடையாது, சிற்பம் கிடையாது. அவர்கள் என்ன சாதி என்று டச்சுக்காரன் கணக்கு எழுதினானோ இல்லையோ, பஞ்சத்தில் முதலில் விற்கப்படுகிறவர்கள் யாராக இருப்பார்கள் என்று சேரியில் பிறந்தவனுக்குத் தெரியும்.

பிறகு வெள்ளைக்காரன் காலம். 1843இல் அடிமைமுறையைச் சட்டம் அங்கீகரிக்காது என்று ஆயிற்று. ஆனால் பண்ணையாள் பண்ணையாளாகவே இருந்தான். 1834 முதல் மொரீசியசுக்கு, 1860 அக்டோபரில் சென்னையிலிருந்து போன ட்ரூரோ கப்பலில் நேட்டாலுக்கு, அதற்கு முன்னும் பின்னும் இலங்கைக்கு, பினாங்குக்கு, பர்மாவுக்கு என்று மக்கள் போனார்கள். ஒப்பந்தக் கூலி கொடுமைதான். கப்பலிலேயே செத்தார்கள், தோட்டத்தில் சவுக்கடி பட்டார்கள், ஒப்பந்தம் முடிந்தும் திரும்ப முடியவில்லை. இதில் எதையும் நான் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் அன்றைக்கு இந்தப் போக்கை எதிர்த்து முறையிட்டவர்களில் மிராசுதார்களும் இருந்தார்கள் என்பதை மறந்துவிடக் கூடாது. ஆளுக்குச் சவுக்கடி விழுகிறதே என்று அவர்கள் அழவில்லை. அந்தச் சவுக்கடியை அவர்களே கொடுத்துக்கொண்டிருந்தவர்கள்தானே. நாற்று நட ஆளில்லை, கூலி ஏறிப்போகும் என்று அழுதார்கள். சொந்த மண்ணை விட்டுப் போகலாமா என்கிற கேள்வியின் பூர்வீகத்தில் இந்த அழுகையும் இருக்கிறது. தோழர்கள் அறியாமலே மிராசுதார் குரலில் பேசுகிறார்கள்.

தொல்காப்பியம் பெண்ணோடு கடல் கடக்கிற வழக்கம் இல்லை என்கிறது. இலக்கணம் நடத்திய பேராசிரியர் அதைத் தமிழ்ப் பண்பாடு என்று விளக்கினார். ஒப்பந்தக் கூலிச் சட்டமோ நூறு ஆணுக்கு நாற்பது பெண் கப்பலில் இருந்தே ஆகவேண்டும் என்று விதி வைத்திருந்தது. அந்த நாற்பது பெண்கள் எந்தத் தமிழ்ப் பண்பாட்டில் சேர்த்தி? பொருளதிகாரத்துக்கு எத்தனை உரைகள் வந்தாலும் அவர்களுக்கு இடமில்லை. இன்னொரு பக்கம், 1888இல் சட்டம் படிக்க இங்கிலாந்து போகிறேன் என்ற காந்தியை அவருடைய பனியா சாதியார் பம்பாயில் கூட்டம் போட்டுச் சாதியை விட்டுத் தள்ளி வைத்தார்கள். கடலைத் தாண்டினால் சாதி போய்விடும் என்று அவர்களுக்குப் பயம். நமக்கு அந்தப் பயம் எதற்கு? போனால் நல்லதாப் போச்சுன்னு கப்பலேறியவர்கள் நம் ஆட்கள்.

இதை முதலில் தெளிவாகப் புரிந்துகொண்டவர் இரட்டைமலை சீனிவாசன். நம் பழைய செங்கல்பட்டு மாவட்டத்துக்காரர், மதுராந்தகம் பக்கத்துக் கோழியாளம். 1893இல் காங்கிரஸ்காரர்கள் ஐ.சி.எஸ். தேர்வை லண்டனில் மட்டும் வைக்கக்கூடாது, இந்தியாவிலும் வைக்க வேண்டும் என்று கேட்டார்கள். கேட்பதற்கு எவ்வளவு நியாயமாக, தேசபக்தியாக இருக்கிறது! சீனிவாசன் எதிர்த்தார். 3,412 பேரிடம் கையெழுத்து வாங்கிப் பிரிட்டிஷ் நாடாளுமன்றத்துக்கு மனு அனுப்பினார். தேர்வு இங்கே நடந்தால் சாதி இந்துக்களே அதிகாரிகளாக வருவார்கள், அவர்கள் கையில் அதிகாரம் போனால் தாழ்த்தப்பட்டவனுக்கு நீதி கிடைக்காது என்பது அவர் வாதம். துரோகி என்றார்கள், வெள்ளைக்காரன் கைக்கூலி என்றார்கள். இன்றைக்கும் சில பேராசிரியர்கள் அந்த இடம் வந்தால் தொண்டையைச் செருமிக்கொண்டு அடுத்த பத்திக்குப் போகிறார்கள். உள்நாடா வெளிநாடா என்கிற கேள்வியை அவர் நாட்டை வைத்துப் பார்க்கவில்லை. எங்கே வைத்தால் யார் கையில் அதிகாரம் சேர்கிறது என்று பார்த்தார். இந்த அளவுகோலைத்தான் நான் திரும்பக் கேட்கிறேன்.

அதே சீனிவாசன் நேட்டால் போய் நீதிமன்றத்தில் மொழிபெயர்ப்பாளராக வருஷக்கணக்கில் வேலை பார்த்தார். திரும்பி வந்து சட்டமன்றத்தில் உட்கார்ந்து, பொதுப்பாதையிலும் பொதுக்கிணற்றிலும் எங்களுக்கும் உரிமை உண்டு என்று 1924இல் தீர்மானம் கொண்டுவந்து நிறைவேற்றினார். 1930இல் அம்பேத்கரோடு லண்டன் வட்டமேசைக்குப் போனார். அயோத்திதாசப் பண்டிதர் பௌத்தத்துக்குள் நுழைய 1898இல் இலங்கைக்குப் போக வேண்டியிருந்தது. அவருடைய 'தமிழன்' பத்திரிகையைத் தாங்கியவர்களில் ராயப்பேட்டைக்காரர்கள் மட்டுமா இருந்தார்கள்? கோலார் தங்கவயலிலும் ரங்கூனிலும் தென்னாப்பிரிக்காவிலும் கூலிக்குப் போன ஜனங்கள் படித்தார்கள், காசு அனுப்பினார்கள். வெளியே போனவர்களைக் கழித்துவிட்டு தலித் அரசியலுக்கு வரலாறு எழுதிப் பாருங்கள், எவ்வளவு மிஞ்சுகிறது என்று.

உடனே தோழர் கேட்பார்: "அவங்கள்லாம் திரும்பி வந்தாங்களே! அம்பேத்கரு வரலியா?"

வந்தார். எப்படி வந்தார் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். 1913இல் பரோடா மன்னரின் உதவித்தொகையில் நியூயார்க் கொலம்பியா பல்கலைக்கழகம் போனார். படித்துவிட்டுப் பத்து வருஷம் சமஸ்தானத்தில் வேலை செய்ய வேண்டும் என்று ஒப்பந்தம். 1917இல் அந்த ஒப்பந்தத்தை நிறைவேற்றப் பரோடாவில் வந்து இறங்கினார். தங்குவதற்கு ஒரு அறை கிடைக்கவில்லை. பார்சி விடுதியில் பார்சிப் பெயரைச் சொல்லித் தங்கினார். சில நாட்களில் பத்துப் பன்னிரண்டு பேர் தடியோடு வந்து சூழ்ந்துகொண்டு, சாயங்காலத்துக்குள் காலி பண்ணு என்றார்கள். கொலம்பியாவில் எம்.ஏ. முடித்த மனிதர் ரயில் நேரம் வரைக்கும் ஒரு பூங்காவில் உட்கார்ந்திருந்தார். வெளிநாட்டில் இருந்த காலத்தில் தான் தீண்டத்தகாதவன் என்கிற நினைப்பே தன் மனதிலிருந்து அழிந்துபோயிருந்தது என்று பிறகு எழுதுகிறார். அந்த நினைவுகளுக்கு அவர் வைத்த தலைப்பு 'விசாவுக்காகக் காத்திருத்தல்'. அமெரிக்கா போக விசா கேட்ட கதை இல்லை அது. சொந்த நாட்டில் ஒரு குளத்துத் தண்ணீர், ஒரு மாட்டுவண்டி, ஒரு அறை கிடைக்க மனிதன் காத்து நிற்கிற கதை.

அம்பேத்கர் திரும்பி வந்தது அவர் எடுத்த முடிவு. அதைக் கடன் பத்திரமாக்கி ஒவ்வொரு சேரிப் பிள்ளையின் கழுத்திலும் மாட்டாதீர்கள். மயிலாப்பூரிலிருந்து போகிறவனிடம் எவனாவது கேட்கிறானா, உன் சமூகத்துக்கு என்ன செய்தாய் என்று? அவன் போனால் சாதனை. நம் வீட்டுப் பெண் போனால் துரோகம். அவள் படிக்கப் போகிறாள், நல்ல குளிரில் நல்ல காபி குடிக்கப் போகிறாள், யாரும் என்ன ஆளு என்று கேட்காத தெருவில் நடக்கப் போகிறாள். அதுவே போதும். அதற்கே அவளுக்கு உரிமை இருக்கிறது.

இதைச் சொன்னவுடன் வெளிநாடு போனால் சாதி ஒழிந்துவிடும் என்று நான் சொல்வதாக யாரும் கிளம்பிவிட வேண்டாம். அந்த மயக்கம் வேறொரு கூட்டத்துக்கு இருக்கிறது, அவர்களுக்கும் நாலு வார்த்தை. சிஸ்கோ நிறுவனத்தில் தலித் பொறியாளர் ஒருவரை மேல்சாதி இந்திய அதிகாரிகள் ஒதுக்கினார்கள் என்று 2020இல் கலிபோர்னியா அரசுத் துறையே வழக்குப் போட்டது. இரண்டு அதிகாரிகள் மீதிருந்த வழக்கு 2023இல் திரும்பப் பெறப்பட்டது, நிறுவனத்தின் மீதான வழக்கைத் துறை அப்போது கைவிடவில்லை. அதே 2023 பிப்ரவரியில் சியாட்டில் நகர மன்றம் சாதிப் பாகுபாட்டைத் தடைசெய்தது. கலிபோர்னியாவிலும் மசோதா நிறைவேறியது, அக்டோபரில் ஆளுநர் கையெழுத்துப் போட மறுத்தார். எதிர்த்து ஊர்வலம் போனவர்கள் யார்? நம்மவர்கள்தான், அதாவது அவர்கள்தான். இங்கிலாந்தில் 2010 சமத்துவச் சட்டத்தில் சாதியைச் சேர்க்க வழி வைத்தார்கள், 2018இல் அரசு பின்வாங்கிவிட்டது. போகிற இடமெல்லாம் சாதியைப் பெட்டியில் மடித்து வைத்து எடுத்துப் போகிறார்கள். ஒரு வித்தியாசம் மட்டும் உண்டு. தோக்கமூரில் சுவரை இடிக்கச் சொல்லிக் கேட்டால் ஊரே பகையாகும். சியாட்டிலில் அது பேசப்பட்டு ஓட்டுக்கு விடப்பட்டு ஜெயித்தது.

வளைகுடா வேறு கதை. பத்தாவது தேறாதவனின் பாஸ்போர்ட்டில் குடியேற்ற அனுமதி தேவை என்று முத்திரை குத்துவதற்கு 1983 சட்டம் இருக்கிறது. காகிதத்தில் பாதுகாப்பு. நடைமுறையில் ஏஜெண்டுக்கு வட்டிக்கு வாங்கிக் கொடுத்த பணம், இறங்கியவுடன் பாஸ்போர்ட்டைப் பிடுங்கி வைத்துக்கொள்கிற முதலாளி, நாற்பத்தைந்து டிகிரி வெயில். எங்கள் தெருவில் இருந்து போய் உடம்பாகத் திரும்பியவரும் உண்டு, மாடிவீடு கட்டியவரும் உண்டு. மாடிவீடு கட்டியவரிடம் போய் அங்கே கொத்தடிமை தெரியுமா என்றால், "இங்க இன்னா கலெக்டராவா இருந்தேன்?" என்கிறார். எனக்குப் பதில் இல்லை.

ஏனென்றால் இங்கே என்ன இருக்கிறது? என் மச்சான் சிப்காட்டில் ஒரு இரும்பு உருட்டாலையில் பதினான்கு வருஷம் காண்ட்ராக்ட் கூலி. பன்னிரண்டு மணி நேர ஷிப்டு. கையில் தீக்காயம் பட்ட அன்றைக்கு கேட்டில் அவர் பெயரே பதிவில் இல்லை. உள்ளூர்க்காரன் என்றால் சங்கம் வைப்பான், எவனாவது செத்தால் பிணத்தை கேட்டில் போட்டு மறியல் பண்ணுவான் என்று ஆலைகள் இப்போது ஒடிசா, பீகார், ஜார்க்கண்ட் ஆட்களைத் தகரக் கொட்டகையில் அடைத்து வைத்து வேலை வாங்குகின்றன. அந்தப் பையன்களை வடக்கன் என்று திட்டுகிற நம் ஆட்களைக் கண்டால் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. அவனும் ஏதோ ஒரு சேரியிலிருந்து, ஏதோ ஒரு ஆதிவாசிக் காட்டிலிருந்து வந்தவன்தான். அவனுக்குக் கும்மிடிப்பூண்டியே துபாய்.

'இரு' என்று சொல்கிறவர்கள் இருப்பதற்கு எதைக் கொடுத்தார்கள்? செங்கல்பட்டு கலெக்டராக இருந்த டிரெமென்ஹீர் 1891இல் எழுதிய அறிக்கையில் பறையர்களின் நிலைமையை வைத்தார். 1892இல் அரசாணை வந்தது. பஞ்சமி நிலம் பன்னிரண்டு லட்சம் ஏக்கர் என்று சொல்லப்படுகிறது. அது இப்போது யார் கையில்? காரணை நிலத்தைக் கேட்டதற்கு 1994 அக்டோபர் 10 அன்று செங்கல்பட்டில் போலீஸ் சுட்டது. ஜான் தாமசும் ஏழுமலையும் செத்தார்கள். அவர்கள் மண்ணை விட்டு ஓடியவர்கள் இல்லை.

எங்கள் வட்டத்திலேயே தேர்வாய் கண்டிகை. பெரும்பாலும் தலித் மக்கள் வாழ்கிற கிராமம். அவர்கள் காத்து வளர்த்த மேய்ச்சல் காடு, ஏரிகளுக்குத் தண்ணீர் வருகிற மேடு, ஆயிரத்து நூற்றுச் சொச்சம் ஏக்கர். அதை அரசாங்கம் சிப்காட்டுக்கு எடுத்தது. 2009இல் பிரான்சின் மிச்செலின் டயர் கம்பெனியோடு ஒப்பந்தம் போட்டது. மக்கள் மறித்தார்கள், கைதானார்கள், வழக்குப் போட்டார்கள். மாடு ஓட்டிப் போன தடத்தில் புல்டோசர் போனது. கடைசியில் 2012இல், இங்கத்திய நில உரிமை அமைப்புகளும் பிரெஞ்சுத் தொழிற்சங்கமும் தொண்டு நிறுவனங்களும் சேர்ந்து, பன்னாட்டுக் கம்பெனிகளுக்கான நெறிமுறைகளின் கீழ் பாரிசில் புகார் கொடுத்தார்கள். நிலம் திரும்பி வரவில்லை. ஆனால் யோசித்துப் பாருங்கள். கிராமத்தை விட்டு அசையாதவர்களின் வீட்டு வாசலுக்குப் பிரான்ஸ் வந்து நின்றது. அவர்களுடைய மனு பாரிசுக்குப் போக வேண்டியிருந்தது. அங்கே அந்த மொழி தெரிந்த, அந்தச் சட்டம் படித்த நம் பிள்ளை ஒன்று உட்கார்ந்திருந்தால் எவ்வளவு பலமாக இருந்திருக்கும்? போகாதே என்று எந்த வாயால் சொல்கிறீர்கள்?

கும்மிடிப்பூண்டியில் ஈழத் தமிழர் முகாமும் இருக்கிறது. 2021இல் அகதி என்ற சொல்லை எடுத்துவிட்டு மறுவாழ்வு முகாம் என்று பெயர் மாற்றினார்கள். தமிழ்நாட்டு முகாம்களில் இருப்பவர்களில் மலையகத் தமிழர் வழிவந்தவர்கள் பல ஆயிரம். அவர்கள் பாட்டன் பூட்டன் இங்கிருந்து கங்காணியோடு தேயிலைக்குப் போனவர்கள், பெரும்பாலும் சேரி ஜனம். 1948இல் இலங்கை அவர்கள் குடியுரிமையைப் பறித்தது. 1964இல் சிறிமாவும் சாஸ்திரியும் உட்கார்ந்து ஐந்தே கால் லட்சம் பேர் உனக்கு, மூன்று லட்சம் எனக்கு என்று பங்கு பிரித்தார்கள். கலவரத்தில் தப்பி ஓடி வந்தவர்களின் பிள்ளைகள் முகாமிலேயே பிறந்து முகாமிலேயே கல்யாணம் கட்டி இன்னும் குடிமக்கள் ஆகவில்லை. தொப்புள்கொடி உறவு என்று முழங்குகிற மேடைகளில் அவர்கள் என்ன சாதி, ஏன் போனார்கள் என்கிற பேச்சு எழுவதே இல்லை. போனபோதும் துரத்தியது இந்த மண். திரும்பி வந்தபோதும் கதவைத் திறக்கவில்லை.

தோழர்கள் சண்டை போட வேண்டிய இடம் வேறு ஒன்று இருக்கிறது. வெளிநாட்டில் படிக்கத் தாழ்த்தப்பட்ட மாணவர்கள் உள்ளிட்டோருக்கு ஒன்றிய அரசு கொடுக்கிற தேசிய உதவித்தொகை நாடு முழுமைக்கும் சேர்த்து 125 இடம். ஒரு பெரிய கல்யாண மண்டபத்தின் ஒரு பந்திக்குக் காணாது. 2025இல் தேர்வான 106 பேரில் 40 பேருக்குத்தான் முதலில் கடிதம் கொடுத்தார்கள், மற்றவர்களுக்கு நிதி இருந்தால் பார்ப்போம் என்றார்கள். அதைவிட மோசம் 2022இல் நடந்தது. இந்தியப் பண்பாடு, இந்திய வரலாறு, இந்தியச் சமூகம் பற்றி வெளிநாட்டில் படிக்கவோ ஆராயவோ இந்த உதவித்தொகை கிடையாது என்று விதியை மாற்றினார்கள். அதைப் படிக்க இங்கேயே வசதி இருக்கிறதாம்! இன்ஜினியரிங் படி, மருந்து படி, சாதியைப் பற்றி மட்டும் எங்கள் கண்ணெதிரில் உட்கார்ந்து எங்கள் பேராசிரியரிடம் படி என்கிறார்கள்.

1916 மே மாதம் கொலம்பியாவில் அம்பேத்கர் வாசித்த கட்டுரை இந்தியாவில் சாதிகள் பற்றியது. இன்று ஒரு கும்மிடிப்பூண்டிப் பெண் அதே தலைப்போடு விண்ணப்பித்தால் தள்ளுபடி செய்வார்கள். தேர்வாய் கண்டிகையின் மேய்ச்சல் நிலத்தைப் பற்றிப் பாரிசில் ஆய்வு செய்கிறேன் என்று எழுதினாலும் தள்ளுபடிதான். மாநில அரசு தருகிற அயல்நாட்டு உதவித்தொகையிலாவது இப்படி ஒரு விதி எந்தக் காலத்திலும் நுழையாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். ஒன்றிய அரசின் விதியை எடுக்கச் சொல்லிப் பொன்னேரி சப்-கலெக்டர் ஆபீஸ் வாசலில் ஒருநாள் உட்காரலாம் வாருங்கள். பையன்களைத் திட்டுகிற கூட்டத்துக்கு இனி என்னைப் பேசக் கூப்பிடாதீர்கள்.